விழவில்லை என்று சொன்னவன்

அயர்லாந்துக்கு வந்த முதல் வருடம். மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். மகனின் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆரோன் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தான். ஓடும்போது விழுந்து முழங்காலில் சிராய்ப்பு, பிளாஸ்திரி ஒட்டலாமா என்று ஆசிரியை கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. பெரிய அடியாக இருக்கும், மெல்ல மெல்லச் சொல்லப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுச் சீருடையோடு ஓடினேன். போய்ப் பார்த்தால் பையன் ஆப்பிள் தின்றுகொண்டிருக்கிறான். முழங்காலில் நகக்கீறல் அளவுக்குச் சிவப்பு, அவ்வளவுதான். "சிலருக்குப் பசை ஒத்துக்கொள்ளாது. பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையின் உடம்பில் நாங்கள் எதையும் ஒட்டுவதில்லை" என்றார் ஆசிரியை. நான் ஓடி வந்தது அவருக்கு விசித்திரம். அவர் கேட்டது எனக்கு விசித்திரம். திரும்பி நடக்கும்போது சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் என் தம்பி எட்வினின் காது நினைவுக்கு வந்தது.

எனக்குச் சொந்த ஊர் வடக்கனந்தல். அப்பா கரும்பும் மரவள்ளியும் போடும் விவசாயி. சபைக் கமிட்டியிலும் இருந்தார். எங்கள் சபையைச் சேர்ந்தவர்களே நடத்திய பள்ளியில்தான் தம்பி ஏழாவது படித்தான். காலைப் பிரார்த்தனை வரிசையில் பேசினான் என்று விளையாட்டு ஆசிரியர் அவனை அறைந்தார். செவிப்பறை கிழிந்துவிட்டது. இன்றுவரை இடது காது கேட்காது. அந்த வருடம் நான் திருக்கோவிலூரில் அத்தை வீட்டில் தங்கிப் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை நேரம் என்று என்னிடம் பாதியைத்தான் சொன்னார்கள். அப்பா பள்ளி மீது கல்வி அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறார், கோர்ட்டில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போய் வக்கீலைப் பார்த்திருக்கிறார் என்று அம்மா சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தப் பிள்ளையையும் பள்ளியில் அடிக்கக்கூடாது, எட்டாவது முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியே அனுப்பவும் கூடாது, இரண்டும் சட்டத்தில் இருக்கிறது என்று அந்தப் பெண் வக்கீல் சொன்னாராம். கண்ணால் பார்த்த ஒருவர் விசாரணையில் வந்து சொன்னால் போதும் என்றாராம்.

வகுப்பில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆனால் கேட்டபோது எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரே ஒருவன்தான் சொல்கிறேன் என்றான். தம்பிக்குப் பக்கத்தில் உட்காரும் அண்ணாமலை. வெள்ளிமலைப் பக்கத்துப் பையன், பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவன். அவன் அம்மா சின்னப்பொண்ணு கூலி வேலை செய்பவர். அப்பா அவரைத் தேடி மலைக்குப் போய், "உன் புள்ள உண்மைய சொன்னா போதும்மா. அவனுக்கு ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். இது வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லும் கதை. அதற்கு மேல் நடந்ததாக எனக்குச் சொல்லப்பட்டது இது: விசாரணை நாளில் அண்ணாமலை பயந்துவிட்டான். நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டான். அதோடு மலைக்கு ஓடிப் போனவன் பள்ளிக்கே திரும்பவில்லை. சாட்சி இல்லாமல் வழக்கு செத்துப் போனது. கொஞ்ச நாளில் எனக்கு அதே நிர்வாகத்தின் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. மகன் விஷயத்தில் தோற்ற அப்பாவுக்கு மகள் விஷயத்தில் ஆண்டவர் கொடுத்த ஆறுதல் என்று அம்மா சபையில் சாட்சி சொல்லி ஜெபித்தார்.

அந்த அண்ணாமலையை நான் வெகு காலம் வெறுத்தேன். தம்பி யாராவது கூப்பிடும்போது தலையைத் திருப்பி வலது காதைக் காட்டுகிற ஒவ்வொரு தடவையும் முகம் தெரியாத அந்த மலைப் பையனைச் சபித்தேன். இங்கே வந்த பிறகும், நம்மூர்க்காரர்கள் யார் வீட்டிலாவது கூடிப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், "எங்கப்பா தனி ஆளா நின்னு பள்ளிக்கூடத்து மேல கேஸ் போட்டாரு, சாட்சிக்காரன் கவுத்துட்டான்" என்று சொல்லுவேன். புலம்பெயர்ந்தவர்களுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த கதைகள் ஒரு சொத்து. அவற்றை யாரும் சரிபார்க்க முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

போன வருடம் ஆரோனின் பள்ளியிலிருந்து மறுபடி அழைப்பு. ஒரு சின்ன 'சாட்', வந்துவிட்டுப் போக முடியுமா என்றார் தலைமை ஆசிரியை. சாட் என்றால் நாலு வார்த்தை பேசுவது என்றுதான் எனக்குத் தெரியும். கையில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனேன். உள்ளே மூன்று பேர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆரோன் வகுப்பில் கத்துகிறான், சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து மூக்கைப் பொத்திய ஒருவனைத் தள்ளிவிட்டான், கொஞ்ச காலம் அவனை மதியமே வீட்டுக்கு அழைத்துப் போனால் அவனுக்கும் நல்லது என்றார்கள். எல்லாம் அவ்வளவு மென்மையாக. கடைசியில், "ஆர் யூ ஹாப்பி வித் தட்?" என்று தலைமை ஆசிரியை கேட்டார். பிள்ளையைப் பாதி நாளில் அனுப்புவதில் எந்தத் தாய்க்குச் சந்தோஷம்? ஆனால் பெரியவர்கள் கேட்டால் தலையாட்டுவது நம் உடம்பில் ஊறியது. "ஹாப்பி, ஹாப்பி" என்றேன். அவர்கள் நிம்மதியாக எழுந்து கைகொடுத்தார்கள். என் சந்தோஷத்தை அவர் விசாரிக்கவே இல்லை, சட்டப்படி என் சம்மதத்தைக் கேட்டார் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுச் செவிலி ஒருவர்தான் சொன்னார்: "பள்ளி நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் உன் சம்மதம் எழுத்தில் வேண்டும். இன்னும் கையெழுத்துப் போடவில்லை அல்லவா? மாட்டேன் என்று சொல். அது உன் உரிமை."

அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலையில் இருக்கிறான். நடந்ததைச் சொல்லிவிட்டு, "விடமாட்டேன்டா. அப்பா உனக்காக சண்ட போட்ட மாதிரி நானும் போடப் போறேன்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்காத காதில் வைத்திருக்கிறானோ என்று நினைத்து இன்னொரு முறை சொன்னேன்.

"கேட்டுதுக்கா," என்றான். "அப்பா எங்கக்கா சண்ட போட்டாரு?"

"இன்னாடா சொல்ற?"

"அண்ணாமலை ஓடிப் போவலக்கா. அவன் சொன்னான். ஆபீசருங்க எதிர்ல, அந்த வாத்தியாரும் நின்னுகினு இருக்கும்போது, அறைஞ்சாரு நான் பாத்தேன்னு சொன்னான். அதுக்கப்புறந்தான் நிர்வாகத்துல இருந்து அப்பாவ கூப்புட்டு பேசுனாங்க. பொண்ணு பன்னெண்டாவது முடிக்குதாமே, நம்ம காலேஜு இருக்குதேன்னாங்க. அப்பா கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கினாரு. நான் தடுக்கி உழுந்துட்டேன்னு என்னைய சொல்ல சொன்னாரு. நானும் சொன்னேன். நான் உழுந்தேன்னு ஆனதுக்கப்புறம் அண்ணாமலை பொய் சொன்னவனா ஆயிட்டான். அவங்க அம்மாவ கூப்புட்டு டிசிய கொடுத்து அனுப்பிட்டாங்க."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ படிப்ப உட்டுருவேன்னு அப்பா சத்தியம் வாங்கினாரு. அப்புறம் நீ ஃபாரின் போயிட்ட. எல்லாரும் உன்ன பத்தி பெருமையா பேசிகினு இருந்தாங்க. எப்பக்கா சொல்லுவேன்?"

போனை வைத்த பிறகு என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. மறுநாள் போட வேண்டிய சீருடை நாற்காலியில் கிடந்தது. அதைத் தொடக் கை வரவில்லை. நான் கற்ற ஒவ்வொரு பாடமும், போட்ட ஒவ்வொரு ஊசியும், இந்த நாட்டுக்கு வந்த விமானமும் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைப் பொய்யனாக்கிக் கிடைத்தவை என்றால் அவற்றில் எதை நான் திருப்பிக் கொடுக்க முடியும்? என்னைக் கேட்காமல் என் பேரில் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. பிளாஸ்திரிக்குச் சம்மதம் கேட்கும் ஊரில் உட்கார்ந்து அதை நினைக்க நினைக்க எரிந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்குப் போனேன், கேக் இல்லாமல். "ஐ ஆம் நாட் ஹாப்பி" என்றேன். அவர்கள் என் மனநிலை சரியில்லையோ என்று பதறி, தண்ணீர் வேண்டுமா என்றார்கள். இல்லை, சம்மதம் இல்லை, முழு நாளும் அவன் பள்ளியில் இருப்பான், அவனுக்கு என்ன உதவி செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். முழுவதையும் சொல்லிவிட்டேன். எதிர்ப்பே வரவில்லை. ஒரு உதவி ஆசிரியரைப் போட்டார்கள், மூக்கைப் பொத்திய பையனையும் கூப்பிட்டுப் பேசினார்கள். ஆரோன் இன்றும் முழு நாளும் பள்ளியில்தான் இருக்கிறான். இவ்வளவு சுலபமா என்று வீட்டுக்கு வந்து அழுதேன். இதைப் படிக்கும் நம்மூர்ப் பெற்றோருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. என் அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. சின்னப்பொண்ணுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். கணவரும் ஆரோனும் திருக்கோவிலூரில் மாமியார் வீட்டில் தங்க, நான் மட்டும் வடக்கனந்தல் போனேன். அப்பா நாட்டுக்கோழி அடித்து வைத்திருந்தார். சாப்பிடும் முன்பே கேட்டுவிட்டேன். அவர் மறுக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"போன காது போனதுதான். கேசு போட்டா காது வந்துடுமா? உன் வாழ்க்கையாவது நல்லாருக்கட்டும்னு நெனச்சேன். தப்பா?"

"அந்தப் பையன் வாழ்க்கப்பா?"

"மலையில கவர்மெண்டு இஸ்கூலு இருந்துச்சே. போயி படிச்சிருப்பான்."

"படிச்சானான்னு போய்ப் பாத்தீங்களா?"

அப்பா தட்டை என் பக்கம் நகர்த்தினார். "எல்லாம் உனக்காகத்தாம்மா செஞ்சேன்" என்றார். அப்பா என்னை எவ்வளவு நேசித்தார் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை. அதனால்தான் அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. கோழிக் குழம்பு ஆறிப்போனது. எழுந்து ரோட்டுக்கு வந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

வெள்ளிமலையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். சின்னப்பொண்ணு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்ததைவிட இளையவர். அயர்லாந்திலிருந்து வருகிறேன் என்று தொடங்கினேன். "அது எங்க கீது? எந்த வூட்டுப் பொண்ணு நீ, அத சொல்லு" என்றார். அப்பா பேரைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"உங்கப்பா நான் இருக்கேன்னு சொன்னாரு. நம்புனேன். அப்புறம் அந்த பள்ளிக்கூடத்துல கூப்புட்டு, பொய் சொல்ற புள்ளைய வெச்சிக்க மாட்டோம், நீயே டிசி கேட்டா நல்ல நடத்தைன்னு எழுதித் தரோம்னாங்க. ரேகை வெச்சிட்டு கூட்டிகினு வந்துட்டேன். அப்புறம் அவன் எந்த இஸ்கூலுக்கும் போவலம்மா. உண்மைய சொன்னா வெளிய தொரத்துற எடத்துல இன்னா படிக்கறதுன்னான். இப்ப கேரளாவுல மிளகுத் தோட்டத்துல வேல செய்யறான்."

அவர்கள் அவனை அனுப்பியிருக்கவே முடியாது, எட்டாவது வரை யாராலும் முடியாது, அது சட்டம் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு தாமதம் என்று தெரிந்தது. "அத அப்ப யாரு தாயி சொன்னாங்க?" என்றார். பிறகு, "ஒண்ணு மட்டும் கேக்கட்டா? உன் தம்பிக்குத் தெரியுமில்ல, எம் புள்ள பொய் சொல்லலன்னு?"

"தெரியும்" என்றேன். "எனக்கும் தெரியும்."

"அத அவங்கிட்ட சொல்லு" என்று மகனுடைய நம்பரைக் கொடுத்தார். அங்கிருந்தே போட்டேன். அவன் எடுத்தான். யார் என்று சொன்னதும், "எட்வினுக்கு இப்ப காது கேக்குதாக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். வேலை நேரம், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. தம்பி ஒரு நாள் அவனைப் போய்ப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். நடந்ததை நடந்தபடி எழுதிக் கல்வி அலுவலகத்தில் கொடுக்கவும் தயார் என்கிறான். இத்தனை காலம் கழித்து அதற்கு என்ன மதிப்பு என்று தெரியாது. கொடுக்கத்தான் சொல்லியிருக்கிறேன்.

இறங்கும் பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்டபோது வாய் தானாக, கள்ளக்குறிச்சி என்றது. மலை முடிந்து கரும்புக் கொல்லைகள் தொடங்கின. வடக்கனந்தல் ஸ்டாப்பிங்கில் பஸ் நின்றது. அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார், எந்த பஸ்ஸில் வருவேன் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடி படிக்கட்டுப் பக்கம் வந்தார். நான் எழுந்து நின்றேன். என் ஊர் அது. அங்கே நான் இறங்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார், அப்பா நீட்டிய கையோடு பின்னால் போனார். பின்னால் காலியாகக் கிடந்த என் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சி வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.