பாரம்பரியப் பாடல் என்று போட்டிருந்தார்கள்

சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். வகுப்பில் மற்ற எல்லோரும் டிகிரி முடித்த கையோடு வந்தவர்கள். முதல் நாள் என்னை லெக்சரர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். மறுநாளே ஆன்ட்டி ஆகிவிட்டேன். இரண்டாம் ஆண்டில் அறிவுசார் சொத்துரிமை வந்தது. மற்ற பாடங்களை மார்க்குக்காகப் படித்தேன். இதை மட்டும் ஆசையாகப் படித்தேன்.

அந்த டிசம்பரில் ஒருநாள், லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனில் யூடியூப் பாட்டுக்குப் பாட்டு தாவிக்கொண்டே இருந்தது. திடீரென்று ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு வர, கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அது என் கணவர் எழுதி மெட்டுப் போட்டது. அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். எங்கள் பாடகர் குழுவுக்காகச் செய்த பாட்டை ஊரின் மறுகோடியில் உள்ள வேறொரு சபையின் குழு பாடிக்கொண்டிருந்தது. கீழே ‘பாரம்பரியப் பாடல்’ என்று போட்டிருந்தார்கள்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நல்லாதான் பாடுறாங்க” என்றார்.

“உங்க பேரே இல்லீங்க.”

“சாமிக்குப் பாடுறதுக்கு பேரு எதுக்கு?”

“நீங்க ரிஜிஸ்டர் பண்ணலன்னாலும் அது உங்களோடதுதான். காசு வேணாம்னு விட்டாலும், நான் போட்டதுன்னு சொல்லிக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு.”

“எக்ஸாம் எழுதுற மாதிரியே பேசுற” என்று சிரித்தார். ஆனால் சாப்பிடும்போது, “என் மெட்டு அவ்ளோ பழசாவா இருக்கு?” என்று கேட்டார். அவருக்கும் உறுத்தியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி காரசாரமாக ஒரு நோட்டீஸ் தயாரித்தேன். படித்துப் பார்த்தவர், “இத அனுப்பாத. போன் பண்ணிப் பேசு” என்றார்.

அந்தக் குழுவின் தலைவி ஒரு பள்ளி ஆசிரியை. நான் விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போனார். “ஐயோ சிஸ்டர், சந்தாபுராவிலேர்ந்து வர்ற ஒரு பொண்ணு பாடிக் காட்டுச்சு. எங்கேயோ கேட்டு மனப்பாடமா வெச்சிருந்துச்சு. பழைய பாட்டுன்னே நெனச்சிட்டோம். இப்பவே மாத்திடறேன். அண்ணனக் கூட்டிட்டு ஒருவாட்டி ப்ராக்டிஸுக்கு வாங்களேன்.”

சண்டைக்குத் தயாராக இருந்தவள், வருகிறோம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சனிக்கிழமை போனோம். எங்களை உட்காரவைத்துப் பாடிக் காட்டினார்கள். கடைசி வரியில் அவர் மெட்டு இறங்கும் இடத்தில் இவர்கள் மேலே ஏறினார்கள். “மெட்டையே மாத்திட்டாங்க. அதுக்கும் உங்ககிட்ட கேட்டிருக்கணும்” என்று அவர் காதில் சொன்னேன். அவர் கண்ணை மூடியிருந்தார். பாட்டு முடிந்ததும் எழுந்து கீபோர்டுக்குப் போனார்.

“அந்தக் கடைசி லைன இன்னொரு வாட்டி பாடுங்க.”

“தப்பாப் பாடுறோமாண்ணா?” என்றார் ஆசிரியை.

“இல்லம்மா. எனக்கு இப்படித் தோணல. இதுதான் நல்லாருக்கு.”

அவர்கள் பாடப் பாட, அதற்குச் சேரும் சுரங்களைக் கீபோர்டில் தேடிப் பிடித்தார்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் எங்கள் குழுவும் புது மெட்டில்தான் பாடியது. பழக்கதோஷத்தில் பாதிப் பேர் இறங்க, பாதிப் பேர் ஏற, ஒரு நொடி இரண்டு மெட்டும் சேர்ந்து ஒலித்தது. கீபோர்டில் இருந்தவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.