மூன்று வரியைச் சுருக்கப் போய்...

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளின் சூடு... டோனர் வாசனை... ஸ்ரீவைகுண்டம் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் எங்கள் கடை. லினக்ஸ் கெர்னலுக்கு என் முதல் திருத்தத்தை அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன்.

இரண்டு வருடம் இருக்கும். பத்தாவதோடு நின்றுவிட்டு, பெரியம்மா மகள் செல்வி அக்காவின் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கிருந்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மட்டும்தான் ஓடும். ஆள் வராத நேரத்தில் கெர்னல் என்ற அதன் அடிப்படைப் புரோகிராமைத் திறந்து வாசிப்பேன்; யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். பாதி புரியாது. ஆனாலும் பிடித்திருந்தது... யாரிடமும் பேச வேண்டியதில்லை.

கெர்னல் மெமரியைச் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வகை ப்ராசஸருக்கும் தனி ஃபோல்டர். பக்கத்தின் அளவைச் சொல்லும் அதே மூன்று வரி கிட்டத்தட்ட எல்லா ஃபோல்டரிலும் இருந்தது. அவற்றை நீக்கிவிட்டு ஒரே பொது ஃபைலில் வைத்தேன். ஒரு ஃபோல்டரில் மட்டும் அந்த வரிகள் வேறு மாதிரி இருந்தன. யாரோ சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து அதையும் நேராக்கிவிட்டேன்.

என் லேப்டாப்பில் ஓடியது. அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. அந்த ஃபோல்டருக்குரிய ப்ராசஸரில் மெஷின் பூட் ஆகாமல் நின்றுவிட்டதாம். அங்கே ஒரு பக்கம் நாலு கேபி இல்லை, அறுபத்து நாலு. எழுதியவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் திருத்தங்களும் பதில்களும் போய்ச் சேரும் அந்த மெயிலிங் லிஸ்ட்டை எங்கெங்கோ இருப்பவர்கள் படிப்பார்கள். லேப்டாப்பை மூடினவள்தான், மூன்று நாள் தொடவில்லை. இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

அக்கா கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள். கேட்டதும் சிரித்தாள். நீளத் தாளில் வரும் பத்திரத்தை ஏ4-இல் நகலெடுத்தால் அடியில் இருக்கும் கையெழுத்து விழாது. அவசரத்தில் நான் அடிக்கடி அப்படி எடுத்துத் திட்டு வாங்குவேன்.

"அங்கயும் போயி பத்திரத்த ஏ4ல எடுத்துட்டியாளா?"

பதில் போட வெட்கமாக இருக்கிறது, எல்லாரும் பார்ப்பார்கள் என்றேன்.

"உன் பேரத்தான பாப்பாவ, மூஞ்சியவா பாக்கப்போறாவ? தப்பா எடுத்தா மறுபடி எடுத்துக் குடுக்கணும்லா."

பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தையும் புரியாமல் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவறு என்னுடையது, ஒரே ஒரு ப்ராசஸரில்தான் ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதினேன். நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு ஃபோல்டரை இருந்தபடியே விட்டுவிட்டு மறுபடி அனுப்பினேன்.

சேர்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு வந்த கஸ்டமர் எல்லாரிடமும் அக்கா சொன்னாள். என்னவென்று அவளுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்...

இப்போது அக்கா கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். கடையை நான்தான் பார்க்கிறேன். எல்லா ப்ராசஸருக்கும் சரிபார்த்த பிறகே அனுப்புகிறேன். பதில் வந்தால் உடனே திறந்துவிடுகிறேன். போன வாரம் என் திருத்தம் இன்னொன்று சேர்ந்தது. அக்காவுக்கு ஃபோனில் சொன்னேன்.

"எத்தன எடத்துல ஒடஞ்சுது?"

"எங்கயும் ஒடையலக்கா."



"அப்ப நான் பக்கத்துல இருக்க வேண்டிய வேலையே இல்லயாளா..."

இருக்குக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் இங்கே எழுதுகிறேன்.