அக்கா எழுதிய இம்போசிஷன்

இங்கிலீஷில் ‘ஷீ’ என்று ஆரம்பித்தால் பின்னால் வரும் வினைச்சொல்லோடு ஓர் ‘எஸ்’ ஒட்ட வேண்டும். ‘தே’ என்று ஆரம்பித்தால் ஒட்டக் கூடாது. பிள்ளைகளே, இதை நீங்கள் இரண்டு தடவை படித்ததும் பிடித்துக்கொள்வீர்கள். ஏழாம் வகுப்பில் என் நோட்டில் இது பல நூறு தடவை எழுதப்பட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எழுதியது நான் இல்லை, அதுதான் காரணம்.

எங்கள் ஊர் கடலாடிக்கு அந்தப் பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. இங்கிலீஷ் சார் இராமநாதபுரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி, மிச்சத்துக்கு நடந்து வருவார். காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே சாயங்காலம் ஆனவர் மாதிரி இருப்பார். அடிக்கத் தெம்பில்லையோ என்னவோ, பிரம்பைத் தொட மாட்டார். தப்பாகச் சொன்ன வாக்கியத்தைச் சரியாக நூறு தடவை எழுதி வரச் சொல்வார். நான் தினமும் தப்பாகச் சொன்னேன்.

வீட்டில் அக்கா இருந்தாள். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். அம்மாவுக்கு இடுப்பு வலி வந்து குனிய முடியாமல் போனதும், மிளகாய்க் காட்டில் அம்மா நின்ற இடத்தில் அக்கா நின்றாள். பழம் பறித்து, களத்தில் காயப்போட்டு, வெளுத்த வத்தலைப் பொறுக்கித் தள்ளி அவள் வீடு வரும்போது வெயில் இறங்கியிருக்கும். பள்ளிக்கூடம் போகாமலே பத்தாவது பரீட்சை எழுதலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, அய்யா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவிடம் அனுமதி கேட்டிருந்தாள். அய்யா மறுக்கவில்லை. “வத்தல் வண்டி ஏறிக் காசு வரட்டும், பாப்போம்” என்றார். மற்றப் பாடங்களைப் பழைய புத்தகம் வாங்கிப் படித்துவிடுவாளாம். இங்கிலீஷ்தான் ஆள் சொல்லித் தராமல் வராதாம். இதை அவள் அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் நோட்டை விரித்துவிடுவேன். மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என் கையெழுத்தின் கோணலைக்கூடப் பழகி வைத்திருந்தாள்.

எங்கள் வகுப்பில் இம்போசிஷனை மேலிருந்து கீழாகத்தான் எழுதுவோம். முதலில் பக்கம் முழுக்க ‘ஷீ’, அப்புறம் பக்கம் முழுக்க ‘கோஸ்’. சீக்கிரம் முடியும். அந்த வித்தையை அக்காவுக்கும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு வரியையும் முழுசாக, வாய்க்குள் முனகிக்கொண்டே எழுதுவாள். நடுவில் பேனாவை நிறுத்திக் கேள்வி வேறு.

“ஏலே, ஒருத்தி போனா எழுத்துக் கூடுது. நாலு பேரு சேந்து போனா கொறையுது. என்னலே கணக்கு இது?”

“எனக்கென்ன தெரியும்? இருட்டுறதுக்குள்ள எழுதுக்கா.”

“அங்கன போய் ஒறங்கிட்டு வாரியாக்கும். நாளைக்கு என்ன நடத்துவாராம்?”

“மைன், யுவர்ஸ், ஹெர்ஸ்னு என்னமோ.”

“அப்பிடின்னா?”

“நடத்துனாத்தானே தெரியும்.”

எப்போதும் முதல் பக்கத்தோடு விட்டுவிடும் சார், மறுநாள் என் நோட்டை வாங்கி, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். நாலாவது பக்கத்தில் உதட்டைத் துடைத்தார். ஆறாவது பக்கத்தில் கண்ணைக் கசக்கினார். அடுத்த நிமிடம் வாசலில் இருந்த அடிபம்புக்கு ஓடினார். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் விளங்கிவிட்டது. களத்திலிருந்து வந்த கை ஒரு தடவை கழுவினால் உறைப்பு விடாது.

சிவந்த கண்ணோடு திரும்பி வந்து, யார் எழுதியது என்று கேட்டார். அக்கா, மிளகாய்க் காட்டு வேலை முடித்து வந்து எழுதியது என்று சொல்லிவிட்டேன். சார் நோட்டை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை நாக்கைத் தொடாமல், ஒவ்வொரு தாளாக மெதுவாகப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“நாள் பூரா வெயில்ல கெடந்துட்டு வர்ற பிள்ளையப் போட்டு வதைக்கிறியேடா. இனிமே ஒனக்கு இம்போசிஷன் கெடையாது. முட்டி போடு, போதும்.”

களைப்பு என்றால் என்னவென்று தெரிந்த மனுஷர். கோபம்கூட அவருக்கு மெதுவாகத்தான் வந்தது.

முட்டி போடுவது எனக்குச் சுலபம். சாயங்காலம் நல்ல சேதியோடு வீட்டுக்கு ஓடினேன். அன்று அக்கா எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். கையில் மோரை ஊற்றித் தேய்த்து, எரிச்சல் அடங்க ஊதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நோட்டுக்காகக் கையை நீட்டினாள்.

“இனிமே இல்லைக்கா. ஒன்னைய வதைக்கக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு.”

நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “நல்ல சார்தான்” என்றாள். பிறகு, “அந்த ஹெர்ஸு, மைனு… நடத்துனாரா?”

“நடத்துனாரு.”

“என்னன்னு சொல்லேன்.”

“அதெல்லாம் ஒனக்கு எதுக்குக்கா? பேசாமப் போய்ப் படு.”

அவளும் போய்ப் படுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் விளக்கு வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று நான் சத்தமில்லாமல் வெளியே நழுவினேன்.

அந்த வருஷ வத்தல் வண்டி ஏறிய பிறகும் அக்கா பரீட்சைப் பேச்சை எடுக்கவில்லை. “ஆசை விட்டுப்போச்சு போல” என்றார் அய்யா. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எரிகிற கையோடு எழுதி எழுதி அவளுக்கு இங்கிலீஷே வெறுத்துப் போயிருக்கும், நல்ல வேளை நான்தான் அதை நிறுத்தினேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.