இரண்டு வீடுகளில் ஒரே மருந்து

அப்பா வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலையில்தான் என் மகள் ஜெசியின் கண்கள் வீங்கியிருந்ததை முதலில் பார்த்தேன். இமைகள் உப்பி, கண் இரண்டும் கோடாகத் தெரிந்தன. எனக்குத் தெரியாமல் அப்பாவை நினைத்து அழுதிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. அவளுக்கு அப்போது ஐந்து வயது. "அப்பா ஞாபகமா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நான் நம்பவில்லை.

நோயைப் பற்றி எழுத உட்கார்ந்து பொறாமையில் தொடங்குகிறேன். என்னைப்போல் ஒரு கையில் மருந்துப் பையும் மறுகையில் கோர்ட் வாய்தாவுமாக அலையும் தாயோ தகப்பனோ இதைப் படிக்கக்கூடும். பொறாமையை மறைத்துவிட்டு மருந்தை மட்டும் எழுதினால் அவர்களுக்கு இது உதவாது.

நானும் பிரபுவும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்த இடத்தில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர் இரும்பு உருக்கும் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. சேர்ந்து வாழ முடியவில்லை. விவாகரத்து ஆனது. அவர் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆரணிக்குக் குடிபோய் கவிதா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். குழந்தை என்னிடம் இருக்க வேண்டும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பகலில் அப்பாவிடம் போய்வரலாம் என்பது திருவள்ளூர் கோர்ட்டின் உத்தரவு.

வீக்கம் மதியத்துக்குள் வடிந்துவிடும், காலையில் மறுபடி வரும். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளுக்குச் சாக்ஸைக் கழற்றினேன். சாக்ஸின் எலாஸ்டிக் இருந்த இடத்தில் கால் பள்ளமாகிக் கிடந்தது. விரலால் அழுத்தினேன். அழுத்திய குழி அப்படியே நின்றது. அது அழுகையால் வந்ததல்ல என்று அப்போது புரிந்தது. உள்ளூர் டாக்டர் சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உடனே சென்னைக்குப் போகச் சொன்னார்.

நோயின் பெயர் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் வெளியேறுவது. புரதம் குறையும்போது உடம்பில் நீர் கோத்து வீங்கும்). குழந்தைகளுக்கு வருவது, பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் திரும்பத் திரும்ப வரலாம் என்றார் அங்கிருந்த பெண் மருத்துவர். பிறகு அப்பா எங்கே என்று கேட்டார். நாங்கள் பிரிந்தவர்கள், சில சனிக்கிழமை மட்டும் அவரிடம் போவாள், எல்லாவற்றையும் என்னிடமே சொல்லுங்கள் என்றேன்.

"லீவு நாள்ல அவர்கிட்டயும் போகுது இல்லம்மா? அப்ப அவரும் வரணும். ஒருத்தருக்கு மட்டும் சொல்லித்தர மாட்டேன்."

பிரபு வந்தார். ரத்தம் எடுக்க என்னிடம் கையை நீட்ட மறுத்து என் சேலையைக் கடித்துக்கொண்டிருந்தவள், அப்பாவைப் பார்த்ததும் பேசாமல் நீட்டினாள். ஊசி ஏறும்வரை அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். நர்ஸ் சிரித்தார். நான் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றேன். மகளுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தையும் மீறி என் வயிறு எரிந்தது.

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். காலையின் முதல் சிறுநீரில் சோதனைப் பட்டையை (மருந்து தடவிய சிறிய அட்டை) நனைக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் புரதம் போகவில்லை. பச்சையானால் போகிறது. வீக்கம் இருக்கும்வரை சோற்றில் உப்பைக் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை (உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைப்பது) முதலில் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்.

அந்த மாத்திரை என் மகளை மாற்றியது. கன்னம் உப்பி முகம் வட்டமாகிவிட்டது. ஓயாத பசி. அப்பளம் கேட்டு அடம்பிடித்தாள். தரமாட்டேன் என்றபோது தட்டை என் மேல் எறிந்தாள். மாதமெல்லாம் வேண்டாம், கூடாது என்று சொல்வது நான். சனிக்கிழமை பைக்கில் வந்து, பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு போவது அவர். திரும்பி வரும்போது கவிதா பின்னிவிட்ட ஜடை இருக்கும். முழுத்தலையிலும் குறுக்கும் நெடுக்குமாக அழகான பின்னல். எனக்கு அப்படிப் பின்னத் தெரியாது. ஜெசி தூங்கியதும் பிரித்துவிடுவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு பட்டை பச்சையானது. இதை ரிலாப்ஸ் (அடங்கிய நோய் திரும்புவது) என்பார்கள். அவர் வீட்டில் ஊறுகாயும் சிப்ஸும் தின்றிருக்கிறாள் என்று முடிவுகட்டினேன். வக்கீலிடம் போய், சந்திப்பை நிறுத்த மனுப் போடச் சொன்னேன். அதற்கு எதிராக அவரும் மனுப் போட்டார். வேலைக்குப் போகும் தாயால் நோயாளிக் குழந்தையைக் கவனிக்க முடியாது, தன் வீட்டில் கவிதா இருக்கிறாள், பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று. அதைப் படித்தபோது கவிதாவின் பெயர்மேல் என் கண் குத்திட்டு நின்றது.

மருத்துவரிடம் உப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் ஜெசியின் தொண்டையைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி சளி புடிச்சிதா?"

பிடித்திருந்தது. என் வீட்டில்தான். உப்பு தின்றால் வீக்கம் கூடுமே தவிர நோய் திரும்பாது, சளி காய்ச்சல்தான் பெரும்பாலும் திருப்பிக்கொண்டு வரும் என்றார். பிரபுவால் வந்தது என்று இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று வெட்கமில்லாமல் எண்ணினேன். மனுவைத் திரும்பப் பெறவில்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே எனக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் கழுத்திலும் மார்பிலும் கொப்புளங்கள். எளாவூரில் அக்கா பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். ஜெசியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனேன். இருந்தும் இப்போது அவள் என் பாயில் படுத்திருந்தாள்.

ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு அம்மை வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவருக்குப் போன் செய்தேன். குழந்தையை உடனே கொண்டுவந்து தடுப்பு ஊசி (அம்மைக்கு எதிரான சக்தியை நேரடியாக ஏற்றுவது) போட வேண்டும், என் கொப்புளங்கள் காய்ந்து உதிரும்வரை அவள் என் அருகே வரக்கூடாது என்றார். முன்பே அம்மை வந்து போனவர்களிடம் விடுங்கள் என்றார். பிரபுவுக்குச் சின்ன வயதிலேயே வந்திருந்தது. கவிதாவுக்கும் வந்திருந்ததாம்.

பிரபுவுக்கு நானே போன் செய்தேன்.

"எனக்கு அம்மை போட்டுக்குது. ஜெசி இங்க இருக்கக் கூடாது. வந்து கூட்டிகினு போங்க."

"எத்தினி நாளிக்கி?"

"டாக்டர் சொல்ற வரைக்கும்."

"அப்பால கோர்ட்ல, நான் தூக்கிகினு பூட்டேன்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். நான் குடுத்துதான் எடுத்துகினு போறீங்க."

மருந்துப் பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஜெசி கதவைத் தட்டினாள். பிறகு பைக் சத்தம். அன்றுவரை அவளை நான் கோர்ட் சொன்னதால்தான் அனுப்பியிருக்கிறேன். நானாக அனுப்பியது அதுதான் முதல் தடவை.

அன்றே பிரபு கொண்டுபோய்ப் போட்ட ஊசி பலித்தது. அவளுக்கு அம்மை வரவில்லை. காலையில் வீடியோ அழைப்பில் பட்டையைக் கேமராவுக்கு நேரே நீட்டுவார் பிரபு. தினமும் மஞ்சள். உடம்பெல்லாம் அரித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒருநாள், இது பச்சையானால் என் கஷ்டம் அவர்களுக்கும் தெரியுமே என்று ஒரு நினைப்பு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். என் பிள்ளைக்கு நானே கெடுதல் நினைக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன் என்று அப்போதுதான் பயந்தேன். அம்மைக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

இன்னொரு நாள் கவிதாவே பேசினாள். வீக்கம் இல்லாவிட்டாலும் எதற்கு வம்பு என்று உப்பே போடாமல் சமைத்திருக்கிறாள்.

"அக்கா, இன்னா செஞ்சாலும் சாப்ட மாட்டேங்குது. நீங்க எப்டி செய்வீங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது. இப்போது கொஞ்சம் உப்பு போடலாம் என்றேன். குறைவாகப் போட்டு, இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து நிறையக் கொத்தமல்லி போடு என்றேன். மறுநாள் அவள், ஜெசி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னாள். நல்லது என்றேன். வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் பிள்ளை சாப்பிட்டிருந்தாள்.

உடம்பு தேறி மகள் திரும்பி வந்ததும் திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போய் என் மனுவைத் திரும்பப் பெற்றேன். மாதத்தில் இரண்டு வாரம் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலைவரை அப்பா வீட்டில் இருக்கட்டும் என்று நானே ஒப்புக்கொண்டேன். அவரும் தன் மனுவைத் திரும்பப் பெற்றார். மனது பெரிதாகிவிட்டதால் நான் இதைச் செய்யவில்லை. நான் படுத்துவிட்டால் இந்த நோயை அறிந்த இன்னொரு வீடு அவளுக்கு வேண்டும். உங்களுக்கும் பிள்ளை இரண்டு வீட்டில் வளர்கிறது என்றால், மருந்தை இரண்டு வீட்டிலும் வையுங்கள். சொல்லிக்கொடுப்பதில் ஒன்றையும் ஒளிக்காதீர்கள். பொறாமை போகும்வரை காத்திருக்க வேண்டாம். எனக்கு அது போகவில்லை.

இப்போது ஜெசிக்கு ரெமிஷன் (நோய் அடங்கியிருக்கும் காலம்). மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறோம். எங்களுக்குத் திங்கள், செவ்வாய் எல்லாம் மறந்துபோய்விட்டது. மாத்திரை நாள், மாத்திரை இல்லாத நாள் என்று இரண்டே நாட்கள்தான். அவள் இல்லாத சனிக்கிழமைகளிலும் விடியுமுன் என் உடம்பு தானாக எழுந்துகொள்ளும். அந்த நேரத்துக்குப் பிரபுவின் போன் வரும். இன்று மாத்திரை உண்டா, அரையா, முழுசா என்று கேட்பார். சொல்வேன். என்னைக் கேட்காமல் அங்கே ஒன்றும் நடக்காது என்பதில் எனக்கொரு சின்ன சந்தோஷம்.

போன சனிக்கிழமை போன் வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானே செய்யலாமா என்று எடுத்து, வைத்துவிட்டேன். பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அரை மாத்திரை கொடுத்தாகிவிட்டது, பட்டை மஞ்சள், அவ்வளவுதான். அவர்களுக்கே தெரிந்துவிட்டது. பழைய இடத்தில் எரிந்தது. எரியட்டும் என்று திரும்பிப் படுத்தேன். நான் கண் விழித்தபோது வெயில் அறைக்குள் பாதிவரை வந்திருந்தது. பகலில் அப்படித் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை.