மாமாவின் பல்லும் நிற்காத ஐஸ்பெட்டியும்

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த ஒரு பங்குனியில்தான் நான் பாறசாலைக்கு மருமகளாக வந்தேன். திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று இன்று ஊர்வலம் போனால் நாளை கடையடைப்பு. என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. பஸ் ஓடினால் சனிக்கிழமை வருவார், ஓடாவிட்டால் வரமாட்டார். அதனால் பெரும்பாலும் வீட்டில் நானும் மாமனாரும் மாமியாரும்தான்.

மாமா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். ஓய்வு பெற்று வரும்போது கப்பலில் ஒரு ஐஸ்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த வீட்டிலும் அது கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

மாமி சபையின் பெண்கள் சங்கத் தலைவி. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் இருக்கும் அறையில் நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன்.

ஒரு வாரமாக ஐஸ்பெட்டிக்குக் கோட்டி பிடித்திருந்தது. முட்டைகள் தாமாக வெடித்தன. மோர், சட்டியோடு கல்லானது. நெய்மீன் துண்டை மாமி கைதவறிக் கீழே போட, தரையில் செங்கல் விழுந்த சத்தம் கேட்டது. மோட்டார் ராத்திரி பகல் என்று பாராமல் உறுமிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் திருவனந்தபுரத்திலிருந்து வர வேண்டும். பஸ் இல்லை.

மாமாவிடம் ஒரு விளக்கம் இருந்தது. "கரண்டு எங்கேருந்து வருகு? திருவனந்தபுரத்துலேருந்து. தமிழன் வீடுண்ணு தெரிஞ்சு கூட்டி விடுகான் ஆக்கும்!"

"அப்போ நம்ம விளக்கு மட்டும் ஏன் மங்கலா எரியுகு?" என்றார் மாமி.

மாமா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

மறுநாள் சந்தை மைதானத்தில் பொதுக்கூட்டம். மாமா முக்கியப் பேச்சாளர். அன்று முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டிப் பேசிப் பார்த்தார். பேசிப் பேசி ஈறு புண்ணாகிப் போனது. அவருக்கு மேலும் கீழும் கட்டுப்பல். வெயிலுக்கு அது வாயில் கொதிக்கிறது என்று சொல்லி, கழற்றிக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவர் வைத்தது எங்களுக்குத் தெரியாது.

கூட்டத்தன்று காலையில் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். மாமா டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். பனிக்கட்டிக்குள்ளிருந்து அவருடைய பல் முழுசாக என்னைப் பார்த்துச் சிரித்தது.

"எம் பவ்வு," என்றார் மாமா.

நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கல்யாணமாகி முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை. மாமனார் முன்னால் சிரித்துவிட்டால் என்ன ஆகும்! அதற்குள் மாமி வந்துவிட்டார். டம்ளரைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"வெந்நியில போடட்டா?"

மாமா பதறிப்போய் டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வெந்நீர் பட்டால் பல் வளைந்துவிடும் என்று பல் கட்டியவர் எச்சரித்திருந்தாராம். அதைப் பல்லில்லாமல் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. வெயிலில் வைத்தால் காக்கா தூக்கும் என்றார் மாமி. பச்சைத் தண்ணீரில் வைக்கலாம், ஆனால் எப்போது இளகும்?

அந்த நேரம் பார்த்து வாசலில் கூட்டக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து நின்றார். சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சாருக்கு என்ன?"

"பல்லுல ஒரு சிக்கல்," என்றார் மாமி. பொய் சொல்லாத மனுஷி.

"ஐயோ! போலீசு நேரத்தோட முடிக்கச் சொல்லியாச்சு. மத்தியானமே கூட்டம் தொடங்கியாவணும். சார் இல்லேண்ணா ஆளு நிக்காது கேட்டியளா."

மாமா துண்டுக்குள்ளிருந்தே தலையாட்டி அவரை அனுப்பிவைத்தார்.

நான் ஐஸ்பெட்டியைத் திறந்தேன். இண்டர்மீடியட்டில் விஞ்ஞானம் படித்தவள் என்ற நினைப்பு அன்றுதான் எனக்கு வந்தது. இத்தனை குளிர் இருக்கிறது என்றால் மோட்டார் சரி, வாயு சரி, கதவும் சரிதான். நிறுத்த வேண்டிய நேரம்தான் அதற்குத் தெரியவில்லை. உள்ளே இருந்த குமிழைக் கடைசிவரை திருப்பினால் மோட்டார் நின்றது. கொஞ்சம் முன்னால் நகர்த்தியதும் உடனே ஓடத் தொடங்கியது. பெட்டி உறைந்து கிடந்தும், 'இன்னும் குளிரவில்லை' என்று எதுவோ அதற்குத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாமி காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து வந்து உள்ளே வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்ல," என்று என்னிடம் சொன்னார். விளையாட்டாகச் சொல்கிறாரா, நிஜமாகவா என்று எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தலையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. குமிழின் பின்னாலிருந்து ஈர்க்கில் பருமனில் ஒரு செம்புக்குழல் கிளம்பியது. அதன் நுனி ஐஸ் அறையை ஒட்டி ஒரு பட்டைக்குள் இறுகி இருந்திருக்க வேண்டும். பட்டை பிய்ந்திருந்தது. நுனி காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. குளிரைத் தொட்டுப் பார்க்க வேண்டிய விரல் அது; இருக்கிற இடத்தை விட்டு விலகிப்போய்விட்டது.

"மாமா, ஐஸ் தட்டை எதை வச்சு நெம்பி எடுத்திய?"

மாமா சுவரைப் பார்த்தார். அவர் அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த தேங்காய் வெட்டும் கத்தியை மாமி எடுத்து மேசையில் வைத்தார்.

நான் நினைத்தது சரிதானா என்று பார்க்க வேண்டும். நுனிக்கு நல்ல குளிரைக் காட்டினால் மோட்டார் நிற்க வேண்டும். அதற்கு ஐஸ் வேண்டும். தட்டுகளோ ஐஸ் அறையோடு ஒட்டிப்போய் அசையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாமாவின் கையைப் பார்த்தோம்.

"எம் பவ்வு!" என்று மாமா ஓரடி பின்னால் போனார்.

"பல்லுக்கு ஒண்ணும் வராது. இஞ்ச தாருங்க," என்று மாமி பிடுங்கிவிட்டார்.

டம்ளரின் வெளியே தண்ணீர் ஊற்றிக் கட்டியை ஒரு கிண்ணத்தில் கவிழ்த்தோம். ஓரத்தை மட்டும் கரண்டியால் தட்டிப் பொடியாக்கி, குழலை மெல்ல வளைத்து நுனியை அதற்குள் புதைத்தேன். மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. காத்திருந்தோம். நிற்கவில்லை. எனக்கு முகம் சுருங்கிப்போனது. பிறகுதான் கல்லூரி ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது: வெறும் ஐஸ் போதாது, உப்பு சேர்த்தால் குளிர் இன்னும் கீழே இறங்கும்.

"மாமி, உப்பு!"

மாமி கல்லுப்பை அள்ளி அள்ளிப் போட்டார். மீனுக்குக்கூட அவ்வளவு போட்டதில்லை. நான் கிளறினேன். கிண்ணத்தின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தது. மாமா குனிந்து, உப்புக்குள் புதைந்துகொண்டிருந்த தன் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டக்.

மோட்டார் நின்றது. ஒரு வாரத்துக்குப் பிறகு வீட்டில் அமைதி. அந்த அமைதியில் கட்டி இரண்டாகப் பிளந்து, கீழ்வரிசைப் பல் கிண்ணத்தில் கிணுங்கென்று விழுந்தது.

மாமிதான் முதலில் சிரித்தார். மூக்கிலிருந்து ஒரு சீறல் வந்தது, பிறகு தோள்கள் குலுங்கின, பிறகு அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். ஒருவரையொருவர் பார்ப்பதும், கண்ணைத் துடைப்பதும், மறுபடி தொடங்குவதுமாக இருந்தோம். "உப்பு... கருவாடு..." என்று மாமி ஏதோ சொல்ல வந்து முடியாமல் என் தோளில் சாய்ந்தார். வாசலோடு போன பால்காரி சாவு வீடோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிய்ந்த பட்டைக்குப் பதிலாகப் பழைய குடையிலிருந்து எடுத்த மெல்லிய கம்பியால் நுனியை ஐஸ் அறையோடு சேர்த்துக் கட்டினேன். மோட்டார் ஓடியது, நின்றது. சற்றுக் கழித்து மறுபடி ஓடியது. மாமி ஒவ்வொரு முறையும் கையைத் தட்டினார்.

கூட்டத்துக்கு மாமா நேரத்துக்குப் போய்விட்டார். நாங்கள் பெண்களோடு ஓரமாக நின்றோம். மேடை அருகே நின்ற போலீஸ்காரர், "சாறே, வேகம் தீர்க்கணம் கேட்டோ," என்று சீக்கிரம் முடிக்கும்படி மலையாளத்தில் சொல்ல, மாமா "தீர்க்காம், தீர்க்காம்," என்று மலையாளத்திலேயே பதில் சொல்லிவிட்டுத் தமிழ் உரிமையைப் பற்றி முழங்கத் தொடங்கினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். எத்தனை தடவை கழுவியும் உப்பு போகவில்லை என்று பிறகு சொன்னார். 'நெஞ்சு எரியுது' என்று அவர் சொன்னபோது கூட்டம் ஆவேசமாகக் கை தட்டியது. மாமி என் விரல்களை நசுக்கிவிட்டார்.

அதன் பிறகு என்னென்னவோ நடந்தது. பயந்து கதவடைத்துக் கிடந்த நாட்களும் உண்டு. எல்லையைக் கடைசியில் எங்களுக்குத் தெற்கே போட்டார்கள். நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். மாமா நெடுநாள் பேப்பரைத் தொடவில்லை.

அன்று கூட்டம் முடிந்து திரும்பி வரும் வழியில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"மக்கா, நீ வந்த நாள் முதலே பாக்கியேன், உனக்குச் சிரிக்கத் தெரியாதுண்ணாக்கும் நினைச்சேன்."

"நானும் அதைத்தான் மாமி நினைச்சேன்."

"என்னையா?" என்று அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். முன்னால் போய்க்கொண்டிருந்த மாமா திரும்பிப் பார்த்து, எங்கள் முகத்தைக் கண்டதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடக்கத் தொடங்கினார்.