ஸ்பானிஷ் படித்த என் மகனைக் கங்கையம்மன் மீட்டுக் கொடுத்தாள்

ஆடி மாதம் ஊரே கூழ் ஊற்றிக்கொண்டிருந்தபோது, என் மகன் தினேஷ் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் கிடந்தேன். அம்மனை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பம் எங்களுடையது. நான் கேளம்பாக்கத்தில் மீன் விற்கிறவள். சின்ன வயதிலிருந்தே வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பழகியவன் தினேஷ். பிளஸ் டூ முடித்ததும் ஸ்பானிஷ்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"இன்னாடி, உம் புள்ள மீனுக்கு ஸ்பானிஷ் கத்துத் தரப் போறானா?" என்று மார்க்கெட்டில் கிண்டலடித்தார்கள். ஐதராபாத் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ. வரை முடித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்பானிஷ் தெரிந்த ஆள் வேண்டும், தாய்லாந்தில் கம்பெனி வேலை என்று ஒரு ஏஜென்ட் அனுப்பிவைத்தான். பாவி, அவன் விளங்குவானா? அங்கிருந்து ஒரு மோசடிக் கும்பல் அவனை எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோய் அடைத்துவிட்டது. ஒரே ஒரு முறை பேசினான்.

"அம்மா, ஸ்பெயின்காரங்களுக்கு போன் போட்டு ஏமாத்தச் சொல்றாங்கம்மா. மாட்டேன்னா கரண்ட் வெக்கிறாங்க."

அதோடு கட்டாகிவிட்டது. படித்த படிப்பே எமனாக வந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். போலீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்தோம். மனு வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கங்கையம்மன் காலில் விழுந்தேன். "அவன் குரலைக் கேக்கிற வரைக்கும் சோத்துல உப்பு சேக்க மாட்டேன் தாயே" என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு நாள் வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. புரியாத பேச்சு. ஃபிராடு என்று திட்டி வைத்துவிட்டேன். மறுநாளும் வந்தது, கட் பண்ணினேன். வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்கேற்றும்போது திரும்ப அடித்தது. திட்ட வாயைத் திறந்தேன். ஒரு ஆம்பிளைக் குரல், "தினேஷ்... தினேஷ்..." என்றது. திட்டாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

பிறகு அந்த ஆள் அனுப்பிய மெசேஜை, ஐதராபாத்தில் தினேஷுக்குப் பாடம் எடுத்த பேராசிரியை படித்துச் சொன்னார். போன் பண்ணியவர் ஸ்பெயினில் பஸ் ஓட்டுகிறவராம். தினேஷை வைத்து அவரைத்தான் ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். தடியோடு பக்கத்தில் நின்றவனுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆசைகாட்டிப் பேசுகிற குரலிலேயே, "பணம் போடாதீங்க, என்னை அடைச்சு வெச்சிருக்காங்க" என்று சொல்லி, இடத்தையும் என் நம்பரையும் கொடுத்திருக்கிறான் என் பிள்ளை. யாரோ எவரோ, விடாமல் என்னைக் கூப்பிட்டாரே! அம்மன் அனுப்பாமல் வேறு யார் அனுப்பியது?

பேராசிரியை அந்த விவரத்தோடு நம் தூதரகத்துக்கு எழுதினார். வாரக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் வெளியே கொண்டுவந்தார்கள். "அம்மா" என்று அவன் போனில் கூப்பிட்ட அன்றுதான் சோற்றில் உப்பு போட்டேன்.

வந்தவன் பாதி ஆளாக வந்தான். விரலெல்லாம் தீய்ந்த தழும்பு. போன் அடித்தால் இன்றும் உடம்பு தூக்கிப்போடுகிறது. ஆனாலும் என் வீட்டில் இருக்கிறான், தாயே, அது போதும்.

முன்பெல்லாம் என் வீடு, என் பிள்ளை என்று மட்டுமே வேண்டுவேன். இப்போது அப்படி முடியவில்லை. அங்கே தினேஷுக்குப் பக்கத்துக் கட்டிலில் அடைபட்டுக் கிடந்த படாளம் ஊர்ப் பையன் இன்னும் வரவில்லை. அவன் அம்மா வெள்ளிதோறும் பஸ் ஏறி எங்கள் கோயிலுக்கு வருகிறாள். "எம் புள்ளயும் வந்துருவான் இல்லக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளோடு சேர்ந்து நானும் விளக்கேற்றுகிறேன்.

உங்களுக்கு எந்தச் சாமி பழக்கமோ, அந்தச் சாமியிடம் நம்பிக் கேளுங்கள். கேட்கும்போது அந்தப் பையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் பெயர் சதீஷ்.