கத்தரிக்காய் போட்ட விண்ணப்பம்

என் அம்மா தில்லைநாயகி போன மாதம் காலமானார். வயது அறுபத்தெட்டு. பாரிஸின் லா சப்பலில் பலருக்கு அவர் ‘தொசியே அன்ரி’; தொசியே என்றால் பிரெஞ்சில் கோப்பு. காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்வார். பின்னேரங்களில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் இருந்து, புதிதாக வந்தவர்களின் அகதி விண்ணப்பங்களைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பார்.

2009இல் ஈழப்போர் முடிந்த பிறகு ஆட்கள் குவிந்தார்கள். கணினியில் ஒரே நேரத்தில் பத்துப் பேரின் கதைகள் திறந்து கிடக்கும். ஒருமுறை ஒருவருடைய அண்ணன் காணாமல்போனதை இன்னொருவரின் விண்ணப்பத்தில் எழுதிவிட்டார். அச்சிடும் முன் கண்டுபிடித்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் அதை என்னிடம் சொன்னார்.

நான் மென்பொருள் படித்தவள். அவர் கணினியில் ஒரு சிறு செயலியை நிறுவினேன். திரையின் அடியில் செயலிகளின் படங்கள் வரிசையாக நிற்கும் பட்டையில் சுட்டியை வைத்தால், திறந்திருக்கும் பக்கங்கள் எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக மேலே எழும். பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

அம்மா பார்த்தார்.

“எல்லாம் வெள்ளைத் தாள்தானே பிள்ளை. இதிலை ஆர் ஆரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

நான் யோசிக்காத கேள்வி.

வழியை அவரே கண்டார். ஒவ்வொருவரின் முதல் பக்கத்திலும் ஒரு மரக்கறியின் படத்தைப் பெரிதாக ஒட்டினார். பாகற்காய், பூசணி, முருங்கைக்காய். சின்னப் படத்திலும் அது பளிச்சென்று தெரியும். அச்சிடும் முன் அழித்துவிடுவார்.

“ஆருக்கு எந்த மரக்கறி எண்டு எப்பிடி முடிவெடுக்கிறீங்கள்?”

“ஆளைப் பாத்தாத் தெரியாதே?”

சேந்தனுக்குக் கத்தரிக்காய். அவருடைய மனைவி வவுனியா முகாமில் இருந்தார். 2010 மார்ச்சில், விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாளன்று, அம்மா அவசரமாக அச்சிட்டு, கையெழுத்துக்குக் கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டி, உறையை ஒட்டிக் கொடுத்தார். சேந்தன் ஓடிப்போய்ப் பதிவுத் தபாலில் போட்டார்.

மறுநாள் அம்மா என் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, கத்தரிக்காயை அழிக்கேல்லை.”

அதிகாரி இதை விளையாட்டு என்று நினைத்தால் போதும், சேந்தன் திருப்பி அனுப்பப்படலாம். திருத்திய பக்கத்தை அனுப்புவோம் என்றேன்.

“அனுப்பினா, பாக்காததையும் தேடிப் பாப்பாங்கள்.”

செயலியை நீக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதன்பிறகு ஒவ்வொரு உறையையும் ஒட்டுமுன் முதல் பக்கத்தை மூன்று முறை பார்த்தார். சேந்தனிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் கடைக்கு வரும்போதெல்லாம் அம்மாவின் முகம் மாறும்.

நவம்பரில் சேந்தன் முடிவுக் கடிதத்தோடு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவருக்குப் பிரெஞ்சு சரியாக வாசிக்க வராது. அம்மா நின்றபடி இரண்டு தரம் வாசித்தார். பிறகு கதிரையில் இருந்தார்.

“ஏற்றுக்கொண்டிட்டாங்கள்.”

பிறகு அம்மா கத்தரிக்காய்க் கதையை ஒப்புக்கொண்டார். சேந்தன் தலைகுனிந்தார்.

“எனக்குத் தெரியும் அன்ரி. யூலை விசாரணையிலை அந்த அதிகாரி மனுசி படத்தைக் காட்டி, இதென்ன எண்டு கேட்டவ.”

“நீ என்ன சொன்னனீ?”

“உள்ளதைத்தான். அன்ரிட்டை கனபேர் வாறவை, மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு மரக்கறி எண்டு. மற்றவைக்கு என்னென்ன எண்டும் கேட்டுச் சிரிச்சவ.”

“ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் நித்திரை கொள்ளமாட்டியள் எண்டு.”

“நான் எட்டு மாசமா நித்திரை கொள்ளேல்லையடா, எருமை!”

திட்டிக்கொண்டே சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். கடைக்குள் அரிசி வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு புதிய பக்கம் ஒன்றைத் திறந்தார்.

“இனி உன்ரை மனுசியைக் கூப்பிடுற தொசியே. பேரைச் சொல்லு.”

“கோசலை.”

“பிறந்த திகதி?”

சேந்தன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அம்மா விசைப்பலகையில் கையை வைத்தபடி காத்திருந்தார்.